சொல்லாமல் வெட்டிய மரம்

மரத்தை எடுத்தது சரி, நிழலை எப்போது எடுப்பதாக உத்தேசம் என்று நளினி மேடம் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது கனகராஜ் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரை இருந்ததால் பதில் சொல்லாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தது, அவனும் அதை விடாமல் நுரையோடு நின்றான். மேடம் காத்திருந்தார். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வில்லா ஓனர்கள் சங்கத்துக்குச் செயலாளர், காத்திருந்தே ஆளைக் கரைக்கத் தெரிந்தவர். கடைசியில் அவன் துப்பிவிட்டு வந்து, பார்க்கலாமுங்க மேடம் என்றான்.

"பார்த்துட்டுத்தான் இருக்கோம் கனகராஜ், தினமும். எடுக்கணும்."

அவர் சொன்ன நிழல் பக்கத்திலேயே கிடந்தது. மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டையை மண்மட்டத்துக்கு அறுத்து மேலே புல் பதித்தாகிவிட்டது, அந்தப் புல்லிலிருந்து கிளம்பி, படியேறி, மூடியிருந்த கதவுக்கு அடியில் நுழைந்து, வீட்டுக்குள் கூடம்வரை போய்ப் படுத்திருந்தது. அடிமரம் தெரிந்தது, கிளை தெரிந்தது, மூன்று மூன்றாக இலை தெரிந்தது, காற்றடித்தால் ஆடவும் ஆடியது. அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் வானம்தான்.

மரகத அவென்யூ கோயம்புத்தூருக்கு வெளியே, முன்பு சோளக்காடாக இருந்த இடத்தில் இருக்கிறது. பச்சை இருக்க வேண்டும், ஆனால் சொன்னபடி கேட்கிற பச்சையாக இருக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் கொள்கை. காய்க்கக் கூடாது, காய்த்தால் வெளியாள் கல்லெறிவான். முள் கூடாது, பூ கொட்டக் கூடாது, கம்பளிப்பூச்சி வரக் கூடாது, காம்பவுண்டுச் சுவரைவிட உயரக் கூடாது, இலை உதிரவே கூடாது. உதிராத இலை பிளாஸ்டிக்கில்தான் கிடைக்கும் என்று யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்லவில்லை. கொரியன் புல், வாசலுக்கு இரண்டு பக்கமும் குட்டையாக ஒரு சீமைப் பனை, அவ்வளவுதான் அனுமதி. இந்த விதிகளுக்குக் கை தூக்கினவர்களில் கனகராஜும் ஒருவன். பக்கத்து வீட்டு வாழை சரிந்து தன் ஜன்னலை அடைக்கிறது என்ற கடுப்பில் தூக்கினான். தன் வீட்டு முன்னாலும் ஒரு மரம் நிற்கிறது என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகமே வரவில்லை, ஏனென்றால் அது அவன் பெண்டாட்டி வசந்தாமணி மாதிரி எப்போதும் வீட்டில் இருக்கிற ஒன்று.

அது கல்யாண முருங்கை. அவர்கள் கல்யாணத்துப் பந்தலில் நட்ட கொம்புதான் அது. கல்யாணம் முடிந்ததும் அந்தக் கொம்பைப் பிடுங்கிக் கொண்டுபோய் வீட்டோரம் ஊன்றுவார்கள், கொம்பு துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்பது பேச்சு. கொம்பு துளிர்த்தது. வாடகை வீடு மாறும்போதெல்லாம் வசந்தாமணி அதில் ஒரு கிளையை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, டெம்போவில் மடியில் வைத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் ஊன்றினாள், ஊன்றின இடத்திலெல்லாம் துளிர்த்தது, குடும்பம்தான் இரண்டு பேரோடு நின்றுவிட்டது. இதே மரத்து இலையை அரைத்துக் குடித்தால் குழந்தை தங்கும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், குடித்தாள். சொன்னவர்கள் ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டார்கள், அவள் இலையை வடையில் போட ஆரம்பித்தாள். கடைசியாகச் சொந்த வீடு என்று இங்கே வந்ததும் முதலில் இறக்கினது பால் பொங்கவைக்கிற பாத்திரத்தையல்ல, ஈரச்சாக்கைத்தான்.

இலை உதிர்ந்து கார்மேல் விழுகிறது என்று புகார் வந்தது, முள் என்று புகார் வந்தது, சுவரைத் தாண்டிவிட்டது என்பதைப் புகார் இல்லாமலே எல்லோரும் பார்த்தார்கள். வசந்தாமணி தாராபுரத்தில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று போயிருந்த நாளில் கனகராஜ் மரம் அறுக்கிற ஆறுச்சாமியை வரச் சொல்லிவிட்டான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் அழுகை வரும், அவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டால் முடிந்தது முடிந்ததுதானே என்று கணக்குப் போட்டான்.

மரத்திடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் மரத்தை வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்காரன் போய் அதன் முன்னால் நின்று, நாளைக்கு உன்னை எடுக்கப் போகிறோம், உன்மேல் குடியிருக்கிற காக்கை குருவி, காற்று கருப்பு எல்லாம் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கனகராஜுக்கும் தெரியும். போய் நிற்கவும் நின்றான். ஆனால் எதிர்வீட்டுப் பால்கனியில் நளினி மேடத்தின் மருமகன் காபியோடு நின்று இவனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பேண்ட் போட்டவன் மரத்தோடு பேசுவதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று வெட்கமாகிவிட்டது, வாட்சைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டான். மறுநாள் ஆறுச்சாமி மெஷினைக் கிளப்புமுன், மரத்துக்கிட்டச் சொல்லிட்டீங்களா என்று கேட்டான்.

"சொல்லிட்டேன்" என்றான் கனகராஜ்.

கல்யாண முருங்கை மென்மையான மரம், வெண்ணெய் மாதிரி அறுபட்டது.

வசந்தாமணி உச்சி வெயிலில் வந்தாள். கேட்டைத் திறந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, பையைக் கீழே வைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். அவள் நின்றிருந்தது நிழலில். அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து அந்த நிழலில் போட்டு உட்கார்ந்தாள். பையைப் பிரிக்கவில்லை. அன்றைக்கிலிருந்து அவனோடு பேசவுமில்லை.

நிழல் நகர நகர அவளும் நகர்ந்தாள். காலையில் அது வீட்டுக்குள் இருக்கும், அவள் கூடத்தில் ஸ்டூலைப் போட்டுக் காய் நறுக்குவாள். மத்தியானம் முற்றத்துக்கு வந்து சுருண்டுகொள்ளும், அவளும் வருவாள். மூன்று மணிக்குமேல் கிழக்கே நீண்டு ரோட்டைக் கடக்கும், அவள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பாள். வெயில் சாயும் நேரத்தில் எதிரே நளினி மேடம் வீட்டுச் சுவரைச் சட்டை செய்யாமல் உள்ளே போய் ஹாலில் சோபாமேலும் சாப்பாட்டு மேசைமேலும் விரியும், வசந்தாமணி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மேடம் வர்றேனுங்க என்று சொல்லிக்கொண்டு ஸ்டூலோடு உள்ளே போய்விடுவாள். பொழுது இறங்கி நிழல் கரைந்ததும் எழுந்து வந்து சோறாக்குவாள். அவனுக்குப் போட்டு வைப்பாள். உப்பில்லாமல் ஆக்கினாள். பல் பிடுங்கப் போட்ட ஊசி இறங்காத வாய் மாதிரி அவனுக்கு எல்லாமே இருந்தது, உப்பில்லை என்பது தெரியாமல் சாப்பிட்டுக் கை கழுவினான். நாள் கணக்கில் இப்படியே நடந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு தானாகவே உப்புப் போட ஆரம்பித்தாள், அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் அந்த நிழலில் கால் வைக்கவில்லை. வெறுப்பெல்லாம் கிடையாது, சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டான், காலையில் அது வீட்டுக்குள் வரும்போது இவன் வெளியே வந்துவிடுவான். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே இடத்தில் நிற்காமலே இருக்க முடியும் என்பதை அந்தச் சித்திரையில் அவர்கள் செய்து காட்டினார்கள்.

மரகத அவென்யூவும் பழகிக்கொண்டது. முதலில் வந்தவை நாய்கள், அவை எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை, நேராக வந்து படுத்தன. அடுத்து சாப்பாடு கொண்டுவருகிற பைக் பையன்கள். அதற்கடுத்து இஸ்திரி வண்டிக்கார மாகாளி, மூன்று மணியானால் வண்டியை உருட்டிவந்து நிழலில் நிறுத்திக்கொண்டு, கரி போட்ட பெட்டியால் துணியைத் தேய்த்தபடி, உசுரோட இருந்தப்பக்கூட இத்தனை குளுமை இல்லீங்கக்கா என்பான். வசந்தாமணி சிரிப்பாள். அந்த நிழலுக்குள் அவள் எல்லோரோடும் பேசினாள், மற்ற நாளைவிட அதிகமாகவே பேசினாள். ஸ்கூல் வேனில் இறங்குகிற பிள்ளைகள் தரையில் நிழல் பூ விழும்போது ஓடிப்போய்க் கையை நீட்டினார்கள், பூ கையில் விழுந்து, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் கறுப்பாகக் கிடந்து, போனது. ஒரு காக்கையின் நிழல் சுள்ளி சுமந்து வந்து அந்தக் கிளை நிழலில் கூடு கட்டியது. வடகம் காயப்போட்ட வீட்டுக்காரி மட்டும், நிழல் என் மாடிவரைக்கும் வருகிறது, வடகம் நமத்துப்போகிறது என்று சண்டைக்கு வந்தாள், வந்தவள் வெயிலுக்கு ஒதுங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எப்படி மரமில்லாமல் நிழல் என்று யாரும் கேட்கவில்லை. யார் நிற்கலாம் என்றுதான் கேட்டார்கள். நிழல் வில்லாக்காரர்களுக்கு மட்டும், வெளியாட்கள் நிற்கக் கூடாது என்று சங்கம் போர்டு வைத்தது. வாட்ச்மேன் விசிலடித்து மாகாளியை விரட்டிவிட்டு, தானே அந்த இடத்தில் நின்றுகொண்டான். பிறகு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள், நிழல் சுண்ணாம்புக்குமேல் வந்து படுத்தது. பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து பகலிலேயே போட்டார்கள், விளக்கைச் சுற்றி ஈசல் வந்ததுதான் மிச்சம். மூலை வீட்டுக்காரர் ஒருத்தர் ஆசைப்பட்டுத் தன் வீட்டில் ஒளித்து வளர்த்த கறிவேப்பிலை மரத்தை வெட்டிவிட்டுக் காத்திருந்தார், நிழல் வரவில்லை, ரசத்துக்குக் கறிவேப்பிலையும் இல்லாமல் போனது.

நளினி மேடத்துக்குக் கோபம் நிழலின்மேல் இல்லை. சாயங்காலம் ஹாலில் ஏசி போடுவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார், வசந்தாமணிக்கென்று ஒரு டம்ளரே தனியாக இருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு நிழல் ஆகுமென்றால் எங்கள் வீட்டுக்கு முருங்கை ஏன் ஆகாது என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு வீட்டின் பின்னால் பப்பாளி முளைத்தே விட்டது. விதி என்றால் விதி. நிழலும் செடிதான், பட்டியலில் இல்லாத செடி, சுவரைத் தாண்டின செடி என்று அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்தார்கள். எப்படி எடுப்பது என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் மேடத்துக்குத் தன் அப்பா வீட்டில் புளியமரம் எடுத்தது ஞாபகம் வந்தது. கூட்டத்திலேயே எழுந்து, கனகராஜ், வெட்டறதுக்கு முன்னால மரத்துக்கிட்டச் சொன்னீங்களா என்று கேட்டார். ஆறுச்சாமியிடம் சொன்ன பொய்யை மேடத்திடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, பேசாமல் நின்றான். பேசாமல் நின்றது போதுமானதாக இருந்தது.

அதனால்தான் நிற்கிறது என்றார் மேடம். மரம் போனது அதற்கு இன்னும் தெரியாது.

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. இன்ஜினியர்கள் ஆட்டினார்கள், டாக்டர் ஆட்டினார், இது தெரியாமல் சுண்ணாம்பை வேறு வீணாக்கிவிட்டோமே என்று பொருளாளர் வருத்தப்பட்டார். மறுநாள் உச்சிப்பொழுதில், நிழல் சுருங்கி முற்றத்துக்குள் இருக்கிற நேரத்தில், வெட்டச் சொன்ன ஆளே அதன் நடுவில் நின்று சொல்ல வேண்டும் என்று முடிவானது.

"மரத்தை எடுத்தாச்சு, நீ போகலாம். இதுதான். மூணு தடவை சொல்லுங்க போதும். வெக்கப்பட ஒண்ணுமில்ல, நாங்க எல்லாரும் இருப்போம்."

அன்று சாயங்காலம் மாகாளி துணி மூட்டையைக் கொடுக்க வந்தவன் போகாமல் படியிலேயே நின்றான். என்ன என்று கனகராஜ் கேட்டான்.

"அக்கா பையை இன்னும் பிரிக்கலீங்கண்ணா. நெழலு இருக்கற வரைக்கும் இருப்பேன், போச்சுன்னா தாராபுரம் போயிருவேன்னு எங்ககிட்ட எல்லாத்துகிட்டயும் சொல்லியிருக்குது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோன்னு."

தெரியாது. ஊரே தெரிந்துவைத்திருந்த ஒன்று அவனுக்கு மட்டும் தெரியாது. பை கதவோரத்தில், வந்த நாளில் வைத்த இடத்தில், மேலே தூசியோடு இருந்தது. அதைப் பார்த்தான். ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான், ஒன்றும் தோன்றவில்லை, போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு சங்கம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றது. யாரோ ஜிகர்தண்டாகூட வரவழைத்திருந்தார்கள். கனகராஜ் வேட்டி கட்டிக்கொண்டு வந்தான், பேண்ட்டோடு சொன்னால் பலிக்காது என்று மேடம் சொல்லியிருந்தார். வசந்தாமணி நடுநிழலில் ஸ்டூலைப் போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கூட்டத்தையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, இத்தனை நாள் சுற்றிப்போன கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான்.

குளிர்ச்சியாக இருந்தது, அது முதலில் தெரிந்தது. அப்புறம் காலில் ஏதோ குத்தியது. காலைத் தூக்கிப் பார்த்தான், ஒன்றுமில்லை, புல்லின்மேல் ஒரு முள்ளின் நிழல்தான் கிடந்தது. வலித்தது. வலிக்கிறது என்பதே அவனுக்குச் சேதியாக இருந்தது. காலைத் தூக்கினபடியே கொக்கு மாதிரி நின்றான், ரோட்டில் யாரோ சிரித்தார்கள், அது அவனுக்குக் கேட்டது, வெட்கமாக இல்லை.

"சொல்லுங்க" என்றாள் வசந்தாமணி, வெங்காயத்தைப் பார்த்தபடி. "சொல்லத்தான வந்தீங்க."

அவன் வாயைத் திறந்தான். மேடம் சொல்லிக்கொடுத்தது வரிசையாக நாக்கில் இருந்தது. ரோட்டில் குடைகள் எல்லாம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தன.

"எங்கிட்டயும் நீங்க சொல்லல" என்றாள். குரலை உயர்த்தவில்லை, வெங்காயத் தோலைத் தட்டில் ஒதுக்கினாள். "சொல்லியிருந்தா நான் தாராபுரத்துலயே இருந்திருப்பேன். தெரியாமத்தான் பஸ் ஏறி வந்தேன். இதுவும் தெரியாமத்தான் நிக்குது. ஒருக்காச் சொல்லீட்டீங்கன்னா ரெண்டு பேரும் கெளம்பிருவோம்."

அவன் வாயை மூடினான். உட்காரலாமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, புல்லில் உட்கார்ந்துவிட்டான். வெங்காயத்தில் ஒன்றை எடுத்து உரித்தான். கண்ணில் நீர் வந்தது, வெங்காயம் உரித்தால் எல்லோருக்கும் வரும். அவள் தட்டை அவன் பக்கம் கொஞ்சம் தள்ளினாள், அவ்வளவுதான் செய்தாள், முகத்தை ஒன்றும் மாற்றவில்லை.

ரோட்டில் காத்திருந்தார்கள். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருந்தார்கள். ஜிகர்தண்டா தீர்ந்தது. டாக்டருக்கு கிளினிக் நேரம் ஆனது, பொருளாளருக்கு மாத்திரை நேரம் ஆனது, ஒவ்வொரு குடையாகத் திரும்பிப் போனது. மேடம் மட்டும் போகவில்லை.

வெயில் சாய்ந்தது, நிழல் நீண்டு கேட்டைத் தாண்டியது. வசந்தாமணி எழுந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டாள். கனகராஜ் எழுந்து வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டான். அவள் முன்னால் போக அவன் பின்னால் போனான், நாய்கள் ஒதுங்கி இடம் விட்டன, மாகாளி விசிலுக்குப் பயப்படாமல் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டான். நிழலின் நுனி மேடத்தின் செருப்பைத் தொட்டு, சேலைக்கரையில் ஏறியது. இலை மூன்று மூன்றாக அவர்மேல் ஆடியது. மேடம் குடையை மடக்கினார்.

"சொல்லியாச்சா?"

"இல்லீங்க மேடம்" என்றான் கனகராஜ்.

"எப்பச் சொல்லுவீங்க?"

அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது வாயில் நுரை இல்லை. மேடத்தின் வீட்டுக் கதவு திறந்திருந்தது, நிழல் முதலில் உள்ளே போனது, வசந்தாமணி செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள், அவனுக்குச் செருப்பே இல்லை, அப்படியே போனான். மேடம் உள்ளே வந்து இரண்டாவதாக ஒரு டம்ளரை எடுத்தார்.

அன்றைக்கு அவன் சொல்லவில்லை. சங்கம் மறுபடி நாள் குறித்தது, அன்றைக்கும் சொல்லவில்லை.